சிராங்கூன் கார்டன்ஸ் மனு, 2008: ஒரு பேட்டையின் எதிர்ப்பு மாற்றியதும் தொடாமல் விட்டதும்

2008 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், சிராங்கூன் கார்டன்ஸ் பேட்டையின் பர்லி டிரைவில் காலியாகக் கிடந்த பழைய தொழில்நுட்பப் பள்ளி வளாகத்தை வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியாக மாற்ற அரசாங்கம் பரிசீலித்துவருகிறது என்ற செய்தி அங்கு வசிப்போரிடையே பரவியது. சில நாள்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட எதிர்ப்பு மனு ஒன்று உருவாகி, தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களின் கவனத்துக்குச் சென்றது. அக்டோபர் தொடக்கத்தில் தேசிய வளர்ச்சி அமைச்சு முடிவை அறிவித்தது. விடுதி வரும், ஆனால் முதலில் பேசப்பட்ட 1,000 பேருக்குப் பதிலாக ஏறத்தாழ 600 பேர் மட்டுமே அங்கு தங்குவர், வளாகத்தின் ஒரு பகுதி மட்டுமே அதற்குப் பயன்படும், கட்டுமான ஊழியர்களைவிட உற்பத்தித்துறை, சேவைத்துறை ஊழியர்களுக்கு முன்னுரிமை தரப்படும், பேட்டையின் உள்வீதிகளைத் தொடாமல் விடுதிக்குப் போய்வரத் தனிச்சாலை ஒன்று போடப்படும்.

குடிநுழைவுக் கொள்கை குறித்துச் சிங்கப்பூர்க் குடிமகன் தன் வட்டாரத்தில் நின்று குரல்கொடுத்தால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை இந்த நிகழ்வைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. எங்கே, எத்தனை பேர், எந்த வழியாக என்ற கேள்விகளில் பேட்டைக்குச் செவிசாய்க்கப்பட்டது. வெளிநாட்டு ஊழியர் வருகை எந்த அடிப்படையில் நடக்கிறது, அனுமதியோடு வந்தவர் எப்படி அனுமதி இல்லாதவராக மாறுகிறார் என்ற கேள்விகளை மனு எழுப்பவே இல்லை. அந்த இரண்டாவது கேள்வியை அதே 2008இல், சில கிலோமீட்டர் தெற்கே, சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சிறு தெருவில் வேறு சில குடிமக்கள் கையில் எடுத்திருந்தனர். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் மனுவின் கதை முழுமையாகப் புரிகிறது.

பேட்டையும் அதன் நெருக்கடியும்

சிராங்கூன் கார்டன்ஸ் 1950களில் உருவான தரைவீட்டுப் பேட்டை. தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தினரின் குடும்பங்கள் பல இங்கே குடியிருந்தன. பர்லி, பெர்விக், பிராக்ஹாம்டன், கென்சிங்டன் என்று ஆங்கில நாட்டுப்புறத்தை நினைவூட்டும் தெருப்பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். பழைய சீனக் குடும்பத்தார் இதை ‘ஆங் சர் லீ’ என்று அழைப்பர். சிவப்புத் தகரக் கூரைகளிலிருந்து வந்த பெயர் அது. நடுவில் ஒரு வட்டச்சாலை, அதையொட்டிக் கடைவீடுகள், சோம்ப் சோம்ப் உணவு நிலையம். இரவு ஒன்பது மணிக்கு அங்கே கார் நிறுத்த இடம் தேடியவர்களுக்கு, போக்குவரத்து நெரிசல் பற்றிய குடியிருப்பாளர்களின் புகார் வெறும் சாக்குப்போக்கு அன்று என்பது தெரிந்திருக்கும்.

அந்த ஆண்டு சிங்கப்பூரின் மக்கள்தொகை 4.84 மில்லியன், வெளிநாட்டு ஊழியரணி ஏறத்தாழ ஒரு மில்லியன். மரினா பேயிலும் செந்தோசாவிலும் ஒருங்கிணைந்த உல்லாசத்தலங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கப்பல் பட்டறைகளில் வேலை நிரம்பி வழிந்தது. ஆள்கள் வந்த வேகத்துக்குப் படுக்கைகள் இல்லை. மலேசியர் அல்லாத கட்டுமான ஊழியர்களுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளை வாடகைக்கு விடக்கூடாது என்ற விதி இருந்ததால், அவர்களைத் தங்கவைக்க விடுதிகளை விட்டால் கட்டுமானத் தளங்களும் தொழிற்பேட்டைக் கட்டடங்களுமே மிஞ்சின. ஆகவே காலியான பள்ளிக்கூடங்கள்மீது அதிகாரிகளின் பார்வை விழுந்தது. கட்டடம் தயாராக இருக்கிறது, கழிவறைகளும் மின்சாரமும் தண்ணீரும் இருக்கின்றன, சில மாதங்களில் ஆள்களைக் குடியமர்த்திவிடலாம் என்பது எளிய கணக்கு. அந்தக் கணக்கில் பக்கத்து வீட்டார் சேர்க்கப்படவில்லை. செய்தி முதலில் வதந்தியாகப் பரவி, பிறகே அதிகாரபூர்வமாக உறுதியானது என்பது குடியிருப்பாளர்களின் கோபத்தைக் கூட்டியது. இந்த ஒரு குறையில் அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து.

மனுவில் சொன்னவை

எதிர்ப்பாளர்கள் முன்வைத்த காரணங்கள் பலவகைப்பட்டன. சாலை நெரிசல், வீட்டு விலை சரிவது, பூங்காக்களிலும் கடைவீதியிலும் ஊழியர்கள் கூடுவது, முதியவர்கள், பிள்ளைகள், வீட்டுப் பணிப்பெண்கள் ஆகியோரின் பாதுகாப்பு என்று பட்டியல் நீண்டது. இவற்றுள் நெரிசலை அளந்து பார்க்கலாம், தீர்வும் சொல்லலாம். வீட்டு விலை என்பது ஓர் ஊகம். ஆனால் வாழ்நாள் சேமிப்பை ஒரு தரைவீட்டில் போட்டவர் ஊகத்துக்கும் அஞ்சத்தான் செய்வார். பாதுகாப்பைப் பற்றிய பேச்சு வேறு மாதிரியானது. விடுதிக்கு வரவிருந்த ஒருவரும் அதுவரை எந்தத் தவறும் செய்திருக்கவில்லை. அவர்கள் யார், எந்த நாட்டவர் என்பதுகூட அப்போது முடிவாகியிருக்கவில்லை. அச்சம் ஆள்களுக்கு முன்பாகவே வந்து குடியேறிவிட்டது.

எதிர்ப்பு பேட்டைக்குள்ளேயே ஒருமுகமாக இருந்ததாகவும் சொல்ல முடியாது. நம் வீடுகளையும் ரயில்பாதைகளையும் கட்டுபவர்கள் எங்கே படுத்து உறங்குவது என்று கேட்டுச் செய்தித்தாள்களுக்குக் கடிதம் எழுதியவர்கள் இருந்தனர். மனுவின் தொனியைக் கண்டு வெட்கப்படுவதாகச் சொன்ன சிங்கப்பூரர்களும் இருந்தனர்.

தமிழ் பேசும் சிங்கப்பூரர்களின் காதில் அந்த வாதங்கள் சற்று வேறுவிதமாகவே விழுந்திருக்கும். விடுதி என்றதும் பலரின் மனக்கண்ணில் தோன்றிய உருவம் சிவகங்கையிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்தோ வந்த தம்பிகளின் உருவமாகவும் இருந்தது. பெரியவர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1960களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் படைகள் வெளியேற முடிவெடுத்து, செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஆள்குறைப்பு தொடங்கியபோது, குடியுரிமை பெறாத தமிழ்த் தொழிலாளர்கள் பலர் பத்து, இருபது ஆண்டுகள் உழைத்த ஊரைவிட்டு ‘ரஜுலா’ கப்பலில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திரும்பினர். ஒரு நாள் முறைப்படி இருந்தவர் மறுநாள் இருக்கத் தகுதியற்றவராவது நம் குடும்பக் கதைகளுக்குப் புதிதன்று.

சட்டத்துக்குள் இருப்பவரும் வெளியே தள்ளப்படுபவரும்

அந்தச் செப்டம்பரின் பேச்சுகளில் வெளிநாட்டு ஊழியர், சட்டவிரோதக் குடியேறி, குற்றவாளி என்ற மூன்றும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. சட்டமோ இவற்றைக் கறாராகவே பிரித்து வைத்திருக்கிறது.

குடிநுழைவுச் சட்டத்தின்படி, முறையற்ற வழியில் நாட்டுக்குள் நுழைபவருக்கு ஆறு மாதம் வரை சிறையும் குறைந்தது மூன்று பிரம்படிகளும் விதிக்கப்படலாம். அனுமதிக் காலம் முடிந்த பின்னும் 90 நாள்களுக்கு மேல் தங்கியவருக்கும் அதே தண்டனைதான். 90 நாள்களுக்குள் என்றால் 4,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி இல்லை. காலங்கடந்து தங்குவோருக்குப் பிரம்படி என்ற ஏற்பாடு 1989இல் வந்தது. அது நடப்புக்கு வருமுன் ஆயிரக்கணக்கான தாய்லாந்து ஊழியர்கள் தாங்களாகவே முன்வந்து நாடு திரும்பினர். கடுமையான சட்டம் ஆள்களை விரட்டும் ஆற்றல் கொண்டது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அத்தனை பேர் அனுமதியின்றி வேலை செய்துவந்தார்கள் என்றால் அத்தனை பேருக்கு இங்கே யாரோ வேலை கொடுத்தும் வந்தார்கள் என்பது அதன் மறுபக்கம். வேலை அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ முதலாளிக்கு விதிக்கப்படலாம் என்று இன்றைய சட்டம் சொல்வது அந்த மறுபக்கத்தைக் கருதித்தான்.

சட்டவிரோதக் குடியேறிக்கு இடம் கொடுப்பதும் குற்றம்: ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, 6,000 வெள்ளி வரை அபராதம். சாதாரணக் குடிமகன் குடிநுழைவுக் கொள்கையை நேரடியாகத் தொடும் இடம் இதுதான். ஈசூனில் மூன்றறை வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விடும் ஓர் அக்காவை எண்ணிப் பாருங்கள். வருபவரின் அனுமதி அட்டையின் மூலப்பிரதியை வாங்கிப் பார்க்க வேண்டும். நகலோ கைப்பேசியில் எடுத்த படமோ போதாது. அட்டையிலுள்ள விவரங்களைக் கடப்பிதழோடு ஒப்பிட வேண்டும். பிறகு மனிதவள அமைச்சின் அல்லது குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையச் சேவையிலோ, அட்டையில் காணப்படும் முதலாளியிடமோ அது செல்லுபடியாகுமா என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு, “நல்ல பையனா தெரிஞ்சான், அதான் விட்டேன்” என்று நீதிமன்றத்தில் சொல்லிப் பயனில்லை. வீட்டுக்காரரையே சிறு சோதனைச்சாவடி ஆக்கிவிடுகிறது சட்டம்.

பர்லி டிரைவ் விடுதியில் இந்தச் சிக்கல் எதுவுமில்லை. ஒவ்வொருவரும் வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர். ஒவ்வொருவரின் பெயரும் முகவரியும் பதிவில் இருக்கும். மலேசியர் அல்லாத ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணைத்தொகை கட்டியிருப்பார். நாட்டிலேயே மிக நெருக்கமாகக் கண்காணிக்கப்படும் மக்கள் பிரிவினரைக் கண்காணிப்பற்றவர்கள் என்று அஞ்சியதில்தான் மனுவின் அடிப்படைத் தவறு இருந்தது.

அரசாங்கம் எப்படிப் பதில் சொன்னது

அப்போது சிராங்கூன் கார்டன்ஸ் அடங்கிய அல்ஜுனிட் குழுத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் இயோவும் லிம் வீ ஹுவாவும் இருந்தனர். குடியிருப்பாளர்களுடன் கலந்துரையாடல் நடந்தது, குறைகள் கேட்டுக்கொள்ளப்பட்டன. பிறகு வந்த முடிவைச் சிலர் அரசாங்கத்தின் வெற்றியாகவும் சிலர் பேட்டையின் வெற்றியாகவும் கணித்தனர். என்னைக் கேட்டால், இரு தரப்பும் தத்தமக்கு முக்கியமானதைக் காப்பாற்றிக்கொண்டன. கையெழுத்துச் சேர்த்தால் ஒரு தேசியத் திட்டத்தை நிறுத்திவிடலாம் என்ற முன்னுதாரணம் உருவாக அரசாங்கம் இடம் தரவில்லை. பேட்டையோ, அந்த 600 பேரும் தன் வீதிகள் வழியே நடக்காமல் இருப்பதற்கான ஏற்பாட்டைப் பெற்றுக்கொண்டது.

தனிச்சாலையைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டும். வாகன நெரிசல்தான் குறை என்றால் பேருந்து நேரங்களை மாற்றுவதோ, வேறிடத்தில் ஏற்றி இறக்குவதோ போதுமானதாக இருந்திருக்கலாம். ஒரு சாலையையே புதிதாகப் போடுவது நெரிசலைத் தீர்ப்பதோடு இன்னொன்றையும் செய்கிறது: இரு கூட்டத்தார் எதிரெதிரே சந்திக்கும் வாய்ப்பை நீக்குகிறது. அண்டைவீட்டாரின் அச்சத்தைப் பழக்கத்தின் மூலம் தணிக்கலாம், அல்லது பார்வையிலிருந்து மறைப்பதன் மூலம் தணிக்கலாம். அரசாங்கம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. அது விரைவானது, தேர்தல் கணக்குக்கும் பாதுகாப்பானது. விடுதி திறந்த பிறகு, அஞ்சியபடி எதுவும் நடக்கவில்லை என்று அதே பேட்டைக்காரர்கள் பத்திரிகைகளிடம் சொன்னார்கள். சந்திக்கவே வழியில்லாமல் செய்த பிறகு கிடைத்த அமைதி அது என்பதால், அதை நல்லிணக்கத்தின் கணக்கில் வரவு வைக்க எனக்குத் தயக்கமுண்டு.

அந்த மனு நகர்ந்த வழியும் கவனிக்கத்தக்கது. 2008 செப்டம்பர் 1 முதல் ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் காவல்துறை அனுமதியின்றி ஆர்ப்பாட்டம் நடத்தக் குடிமக்களுக்கு வழி திறந்திருந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து பேச மட்டுமே இடமளித்த முனை அது. சிராங்கூன் கார்டன்ஸ்காரர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. தெருத்தெருவாகக் கையெழுத்து, நாடாளுமன்ற உறுப்பினருடன் சந்திப்பு, பத்திரிகைக்குக் கடிதம் என்ற பழகிய பாதையிலேயே சென்றனர். படித்த, வசதியுள்ள, அதிகாரிகளோடு பேசத் தெரிந்த குடும்பங்களுக்கு அந்தப் பாதை பயன்தரும். ஜூரோங்கிலோ ஊட்லண்ட்சிலோ விடுதிகளுக்கு அருகே வீவக அடுக்குமாடிகளில் இருந்தவர்களுக்கு இப்படி ஒரு சாலை கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பேட்டைக் கலந்துரையாடல், வடிவமைப்பில் திருத்தம், பிறகு திட்டமிட்டபடி கட்டுதல் என்ற முறை பின்னாளிலும் தொடர்ந்தது. 2012இல் ஊட்லண்ட்ஸ் ஸ்திரீட் 83இல் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கும், தோ யி வட்டாரத்தில் முதியோருக்கான வீடுகளுக்கும் எதிர்ப்பு எழுந்தபோது, எதிர்ப்புக்கு ஆளானவர்கள் சொந்த நாட்டு முதியவர்கள். ஆகவே 2008 மனுவை வெறும் வெளிநாட்டவர் வெறுப்பு என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது சரியாகாது. ‘வேண்டும், ஆனால் என் வாசலில் வேண்டாம்’ என்ற மனப்போக்கு அதில் பாதி.

கொள்கையையே குறிவைத்த எதிர்ப்பு 2013இல்தான் வந்தது. 2030இல் மக்கள்தொகை 6.5 முதல் 6.9 மில்லியன் வரை இருக்கக்கூடும் என்று கணித்த வெள்ளை அறிக்கையை, அந்த எண் ஓர் இலக்கன்று என்பதைத் தெளிவாக்கும் திருத்தத்துடன், பிப்ரவரி 8ஆம் தேதி நாடாளுமன்றம் 77க்கு 13 என்ற வாக்குகளில் ஏற்றது. எட்டு நாள் கழித்து, சமூக ஆர்வலர் கில்பர்ட் கோவின் ஏற்பாட்டில் ஆயிரக்கணக்கானோர் ஹோங் லிம் பூங்காவில் திரண்டனர். ஆட்சேபத்தின் அளவைக் காட்டியதில் அது பெரிய நிகழ்வு. ஆனால் அங்கும் பேச்சு எண்ணிக்கையைச் சுற்றியே ஓடியது. அந்தப் பூங்காவில் பேசவோ ஏற்பாடு செய்யவோ வெளிநாட்டவருக்கு உரிமையில்லை. யாரைப் பற்றிய கொள்கையோ அவர் அங்கே வாய்திறக்க முடியாது. அவர் சார்பில் பேச ஒரு குடிமகன் முன்வந்தால்தான் உண்டு.

கஃப் ரோட்டில் ஒரு சாப்பாட்டு மேசை

அப்படி முன்வந்தவர்களின் கதை 2001இல் தொடங்குகிறது. 19 வயது இந்தோனேசியப் பணிப்பெண் ஒருவர் முதலாளியின் தொடர்ச்சியான கொடுமையால் இறந்தார். அக்கம்பக்கத்தார் எவரும் தலையிடவில்லையே என்ற உறுத்தலில், அப்போது நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பிரேமா மதி உள்ளிட்ட சிலர் 2003இல் ஒரு குழுவைத் தொடங்கினர். அது 2004இல் ‘டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ’ என்ற சங்கமாகப் பதிவானது. டிடபிள்யுசி2 என்றால் லிட்டில் இந்தியாவில் பலருக்கும் தெரியும். 2008 மார்ச்சில், பர்லி டிரைவ் செய்தி கசிவதற்கு ஆறு மாதம் முன்பாக, வேலையிழந்து வழக்கில் சிக்கியிருக்கும் ஊழியர்களுக்கு இலவச உணவு வழங்கும் திட்டத்தை அச்சங்கம் தேக்கா பக்கத்தில் கஃப் ரோட்டின் பெயரில் தொடங்கியது.

அந்த உணவு யாருக்கு என்று பார்த்தால்தான் மனு தொடாமல் விட்ட விஷயம் விளங்கும். வேலை அனுமதி ஊழியரின் பெயரில் இருந்தாலும் அதை எடுப்பதும் ரத்துசெய்வதும் முதலாளிதான். ஏஜென்டுக்குப் பல ஆயிரம் வெள்ளி கொடுத்து, ஊரில் நிலத்தையோ நகையையோ அடகுவைத்து வந்த ஒருவர், மூன்று மாதச் சம்பளம் வரவில்லை என்று கேட்கிறார்; அல்லது சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டு இழப்பீடு கோருகிறார். அனுமதி ரத்தாகிறது. ஊருக்கு அனுப்பச் சீட்டு எடுக்கப்படுகிறது. அவர் மனிதவள அமைச்சில் புகார் கொடுத்துவிட்டால், விசாரணை முடியும்வரை நாட்டில் தங்க அவருக்கு ‘ஸ்பெஷல் பாஸ்’ தரப்படுகிறது. குறுகிய காலத்துக்குத் தரப்படும் அதை மீண்டும் மீண்டும் புதுப்பிக்க வேண்டும். அதை வைத்திருப்பவர் வேலை செய்யக்கூடாது. அவரது உணவும் தங்குமிடமும் சட்டப்படி பழைய முதலாளியின் பொறுப்பு. ஆனால் யார்மீது வழக்குப் போட்டாரோ அவர் கொடுக்கும் படுக்கையில் போய்ப் படுப்பது எத்தனை பேரால் முடியும்?

இங்கேதான் சட்டத்துக்கும் சட்டவிரோதத்துக்கும் நடுவே உள்ள கோடு மெல்லியதாகிறது. புகார் கொடுக்கத் தெரியாதவர் அனுமதி ரத்தானதே தெரியாமல், அல்லது தெரிந்தும் கடனை எப்படி அடைப்பது என்ற திகிலில், விடுதியை விட்டு வெளியேறினால் சில வாரங்களில் காலங்கடந்து தங்கியவர் ஆகிவிடுகிறார். ஸ்பெஷல் பாஸ் வைத்திருப்பவர் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டி எங்கேனும் ஒரு நாள் மூட்டை தூக்கினாலும் சட்டத்தை மீறியவர். எல்லை தாண்டி வந்தவர், படகில் வந்தவர் என்று நாம் நினைத்துக்கொள்ளும் சட்டவிரோதக் குடியேறிகளோடு இவரும் அதே சட்டத்தின் முன் நிறுத்தப்படுகிறார். பிணைத்தொகை பறிபோகும் என்ற முதலாளியின் பயம் சேர்ந்துகொண்டால், ஊழியரை இரவோடு இரவாக விமானமேற்றிவிடத் துடிக்கும் நிலையும் உருவாகிறது.

மாலையில், இந்த இலவச உணவு வழங்கப்படும் கடைக்கு வெளியே ஒரு மேசை போட்டுத் தொண்டூழியர்கள் உட்கார்ந்திருப்பர். வருபவர் பெயரைச் சொல்லி, பாஸைக் காட்டி, பதிந்துகொண்டு சாப்பிடப் போவார். சோறு, குழம்பு, ஒரு கூட்டு. இதற்குமேல் அதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஆனால் பாஸைக் காட்டும்போது கையில் கட்டு ஏன் என்ற கேள்வி எழும். அடுத்த வாரம் வழக்கு எங்கே நிற்கிறது என்ற கேள்வி எழும். “அண்ணே, கம்பெனில வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்க” என்ற பதில் வரும். இப்படி நாள்தோறும் சேர்ந்த விவரங்கள்தாம் பிறகு அச்சங்கத்தின் அறிக்கைகளுக்கும் அமைச்சுக்கான கோரிக்கைகளுக்கும் அடிப்படையாயின. ஆயிரம் கையெழுத்துகள் ஓர் அச்சத்தைப் பதிவுசெய்தன என்றால், இந்தப் பதிவேடு ஒரு செயல்முறையைப் பதிவுசெய்தது. கொள்கை வகுப்போருக்கு முன்னதைத் தணிப்பது எளிது. பின்னதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவ்வாண்டின் இறுதியில் உலகப் பொருளியல் நெருக்கடி இங்கும் தாக்கியபோது இது இன்னும் வெளிப்படையானது. 2009 தொடக்கத்தில், வேலையும் சம்பளமும் கிடைக்காத பங்களாதேஷ் ஊழியர்கள் பெருங்கூட்டமாக மனிதவள அமைச்சின் கட்டடத்துக்கு வெளியே திரண்டனர். பேட்டைக்காரர்கள் சில மாதம் முன்பு கற்பனை செய்த, கூட்டமாக வந்து நிற்கும் அந்நிய ஆண்கள் இவர்கள்தாம். அவர்கள் கேட்டதோ முறைப்படி தங்களுக்குச் சேர வேண்டிய கூலியை.

மாறியவை

இதன்பிறகு நடந்த சட்ட மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் தொண்டூழியர்களே காரணம் என்று சொல்வது மிகை. தொழிற்சங்கம், வெளிநாட்டுத் தூதரகங்கள், 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிந்தைய விசாரணைக் குழு, அமைச்சின் சொந்தக் கணக்குகள் என்று பல விசைகள் ஒன்றாக இழுத்தன. ஆனாலும் மாற்றங்களின் திசை, பதிவேட்டில் குறித்துவைத்த குறைகளோடு ஒத்துப்போகிறது. பணிப்பெண்களுக்கு வார விடுப்பு 2013 ஜனவரி 1இல் வந்தது. விவரமான சம்பளச் சீட்டு 2016 ஏப்ரலில் கட்டாயமானது. வெள்ளைத்தாள் கையெழுத்துகளை எதிர்க்க ஊழியருக்கு அது முதல் ஆயுதம். 2017 ஏப்ரலில் சம்பளப் புகார்களைத் தீர்க்க முத்தரப்புச் சமரச அமைப்பும் அதற்கென ஒரு நடுவர் மன்றமும் செயல்படத் தொடங்கின.

ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் இன்னும் நேரடியாக நம் பொருளைத் தொடுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர் கிறிஸ்டஃபர் டி சூசா கொண்டுவந்த தனிநபர் மசோதா அது. 2014 நவம்பரில் நிறைவேறி 2015 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. ஏமாற்றி அழைத்துவரப்பட்டவரைக் குடிநுழைவுக் குற்றத்துக்காகத் தண்டிக்கக்கூடாது என்பதைச் சட்டத்திலேயே உறுதியாக எழுத வேண்டும் என்று டிடபிள்யுசி2 உள்ளிட்ட அமைப்புகள் வாதாடின. சட்டம் கிடைத்தது, அந்த உறுதி அவர்கள் கேட்ட வடிவில் கிடைக்கவில்லை. குடிநுழைவுக் குற்றம் என்ற வட்டத்தை எவ்வளவு சுருக்கலாம் என்பதில் அரசாங்கம் விட்டுக்கொடுக்க விரும்பாத எல்லை அங்கே தெரிகிறது. பர்லி டிரைவில் தங்குவோரின் எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் அந்த எல்லைக்கு அருகில்கூட வந்ததில்லை.

விடுதிகளை எங்கே கட்டுவது என்பதில் 2008இன் பாடம் வேறொரு விதத்தில் நின்றது. பெரிய விடுதிகள் துவாஸ், கிராஞ்சி, மண்டாய், பொங்கோல் வடக்கு என்று குடியிருப்புகளுக்குத் தொலைவில் எழுந்தன. உள்ளேயே கடை, உணவகம், திரையரங்கு எல்லாம் அமைந்தன. 1,000 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட விடுதிகளுக்குத் தனிச் சட்டம் 2016 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. 2020இல் கொவிட் பரவியபோது, ஒதுக்கி வைத்ததன் விலை தெரிந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அரசாங்கம் வெளியிட்ட கணக்கின்படி, விடுதிகளில் இருந்த 323,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. 2023 ஏப்ரல் முதல் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட எல்லா விடுதிகளும் அச்சட்டத்தின்கீழ் வருகின்றன. பேட்டைக்காரர்களின் மனு இந்தத் தொலைவுகளுக்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்; எதிர்ப்பு வராத இடம் தேடும் திட்டமிடுவோரின் பழக்கத்துக்கு அது ஓர் ஆதாரமாக இருந்தது என்பது வரை சொல்லலாம்.

இன்னும் இழுபறியாக இருப்பது, அனுமதிச் சீட்டு முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும் முடிச்சு. கட்டுமானத்துறை ஊழியர் இப்போது, அனுமதி முடிவடைவதற்கு 40 முதல் 21 நாள்கள் இருக்கும்போது, பழைய முதலாளியின் ஒப்புதல் இல்லாமலேயே வேறு நிறுவனத்துக்கு மாற விண்ணப்பிக்கலாம். அந்த இருபது நாள் இடைவெளிக்கு வெளியே, ஒப்பந்தக் காலத்தின் நடுவில் சம்பளத் தகராறு வந்தவருக்கு இந்த வழி உதவாது. அவர் புகார் கொடுத்து, ஸ்பெஷல் பாஸில் காத்திருந்து, அமைச்சு அனுமதித்தால்தான் புது வேலை தேட முடியும். அனுமதி ரத்தானவுடன் எல்லா ஊழியருக்கும் வேலை தேட ஒரு குறிப்பிட்ட கால அவகாசம் வேண்டும் என்று அமைப்புகள் கேட்டுவருகின்றன. ஏஜென்டுக்குத் தரும் பணம் இரட்டிப்பாகாமல் தடுப்பதும், ரத்தான சீட்டோடு தலைமறைவாகும் தேவையைக் குறைப்பதும் அந்தக் கோரிக்கைக்கு அவர்கள் சொல்லும் காரணங்கள். தன் வட்டாரத்தில் சட்டவிரோதமாகத் தங்குவோர் இருக்கக்கூடாது என்று மெய்யாகவே கவலைப்படும் குடிமகன் கையெழுத்திட இப்போது ஒரு மனு உண்டென்றால், அது இந்தக் கால அவகாசத்தைக் கேட்கும் மனுதான்.